ஒரு 'டூ' செய்த பிழை

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து வந்த போயிங் 747 சரக்கு விமானம் சுபாங்கை நெருங்கியது. 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல, கட்டுப்பாட்டாளர் 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். விமானிகளின் காதில் அந்த 'டூ', எண்ணாக விழவில்லை. '400-க்கு' என்பதன் 'க்கு'வாக விழுந்தது. '400' என்று திருப்பிச் சொன்னார்கள், யாரும் திருத்தவில்லை. வேறு தவறுகளும் சேர, பூச்சோங் அருகே விமானம் குன்றில் மோதியது. இருந்த நால்வரும் இறந்தனர்.

இத்தகைய விபத்துகளின் பாடம்தான், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2008-இல் நடைமுறைப்படுத்திய மொழித்திறன் விதி. மொத்தம் 6 நிலைகள். வெளிநாட்டுப் பயணங்களுக்கு 4-ஆம் நிலையாவது வேண்டும். அந்த நிலைக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும், 5-ஆம் நிலைக்கு 6 ஆண்டுக்கு ஒருமுறையும் மறுதேர்வு. 6-ஆம் நிலைக்கு இல்லை.

வெளிநாட்டு உரிமத்துடன் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ திரும்பும் விமானியா நீங்கள்? மொழி நிலை உரிமத்தில் பதிவாகியுள்ளதா, காலாவதியாகிவிட்டதா என முதலில் பாருங்கள். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் ஆகிய ஆறும் தேர்வில் சோதிக்கப்படும். அவற்றில் எது மிகக் குறைவோ, அதுவே உங்கள் நிலை.

அன்றைய விமானிகள் ஆங்கிலம் அறியாதவர்கள் அல்லர். ஆகவே ஐயம் எழுந்தால், தயங்காமல் மீண்டும் கேளுங்கள்.