கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

உச்சி வெயிலில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் அம்பாசடர், பாலம் ஏறும்போது இரண்டு முறை திக்கிவிட்டு நின்றுவிடுகிறது. பானெட்டைத் திறந்ததும் பலருடைய கை நேராகக் கார்புரேட்டரின் திருகுக்குப் போகும். நன்றாக இருந்த டியூனிங்கும் அத்தோடு கெட்டுவிடும். பெட்ரோல் வரும் வழியிலேயே நாமும் டேங்கிலிருந்து நடந்து வருவதுதான் முறை.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் ஓடி நிற்பதும், சற்று நேரம் கழித்துத் தானாகக் கிளம்புவதும் இதனால்தான்.

அடுத்தது பம்ப். மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்பார்கள். கேம்ஷாஃப்ட் தட்டத் தட்ட, உள்ளேயுள்ள டயாபிரம் ஏறி இறங்கி பெட்ரோலை உறிஞ்சும். என்ஜின் ஆறியபின், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பம்பிலுள்ள கைநெம்பை அழுத்துங்கள். அருகில் நெருப்பு கூடவே கூடாது. விட்டுவிட்டுப் பீய்ச்சினால் குறை இதற்கு அப்பால்; வராவிட்டால் இங்கேயோ பின்னாலோ. இந்த ஒரு சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடும். என்ஜின் ஆயில் அளவுகோலையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் டயாபிரம் கிழிந்து ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கலாம். ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்டாதீர்கள்.

வெயில் நேரக் கோளாறு வேறு வகை. புதிய கார்களில் டேங்குக்குள்ளேயே இருக்கும் பம்ப் பெட்ரோலைத் தள்ளுகிறது. இதிலோ முன்னாலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது அழுத்தம் குறைவதால் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகும். ஆவியைப் பம்ப் நகர்த்தாது. பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய டிரைவர்களின் பழக்கம் சரியான இயற்பியல்தான்.

இன்று எத்தனாலும் சேர்ந்துகொண்டது. பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. அது பழைய ரப்பரை உப்பவைக்கும், டேங்கின் அடிக்கசடைக் கிளப்பிவிடும், ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் நீர் பிரிந்து அடியில் தங்கவும் கூடும். குழாய்களையும் டயாபிரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இத்தனையும் சரி என்றால் கார்புரேட்டரைத் திறக்கலாம். பெட்ரோல் வழிந்தால் ஊசி வால்வில் தூசியா, மிதவையில் ஓட்டையா என்று பார்க்க வேண்டும். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் சலசலக்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும்.

கடைசியாக ஸ்பார்க் பிளக்குகள். நான்கும் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பு நல்லது. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் கார்புரேட்டரைத் திரும்ப மூடிவிடுங்கள். நான்கு சிலிண்டருக்கும் ஊட்டுவது அது ஒன்றே என்பதால், கோளாறு அந்த சிலிண்டரிலோ அதன் பிளக்கிலோ ஒயரிலோதான் இருக்கும்.