நரம்பு அறுந்தாலும் நாணம் அறுவதில்லை

முதுகெலும்பு முறிந்து படுத்த தோழனைப் பார்க்கப் போகிறோம். "கால் எப்போது வரும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறோம். அவனை அல்லும் பகலும் அரிக்கும் கவலை வேறு. வாய்விட்டுச் சொல்ல நாணம். சிறுநீர் அவன் வசத்தில் இல்லை!

நாணம் மட்டுமா? உயிரே அதில்தான். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோரைப் பின்னர் கொன்றது, தேங்கிய சிறுநீரில் பற்றிய நோயும் படுக்கைப் புண்ணுமே.

லண்டனில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற அறிஞர் 1970-களில் இதற்கொரு கருவி கண்டார். சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்பு வேர்களில் மின்முனைகள், தோலுக்கடியில் ஏற்பி, வெளியே, கையில் ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் கம்பியில்லாமலே உள்ளே துடிப்பு பாயும்.

ஆனால் அங்கே ஒரு சிக்கல்! மின்சாரம் பட்டதும் பை சுருங்குகிறது. வாசல் காக்கும் தசையும் கூடவே இறுகுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே தள்ளினால் நடக்குமா? துடிப்பை விட்டு விட்டுச் செலுத்தினார். நிறுத்தியதும் வாசல் தசை சட்டென்று தளரும். பையோ மெல்லத்தான் தளரும். அந்த இடைவெளியில் சிறுநீர் பாய்ந்துவிடுகிறது! முதல் 50 பேரின் கணக்கை 1986-இல் வெளியிட்டார்கள்.

விலையும் உண்டு. தானாக ஒழுகுவதைத் தடுக்க, உணர்ச்சி கொண்டுவரும் பின்வேர்களை அறுப்பது வழக்கமாயிற்று. அறுத்தால் அங்கே எஞ்சிய உணர்ச்சி போகும். ஆண்களுக்கு அனிச்சையாய் வரும் விறைப்பும் போகும். இதை ஒளிக்காமல் சொன்ன பிறகே கத்தியை எடுக்க வேண்டும் என்கிறோம். முடிவு செய்ய வேண்டியவன் படுத்திருப்பவன், மருத்துவரல்ல, மைத்துனனுமல்ல!