உங்களுக்குத் தெரியுமா? தோல் பதனிட்ட கடுக்காயே ஓவியருக்கு மை!

குரோம் உப்பால் தோல் பதனிடும் முறை வருவதற்கு முன், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் ராஜாக்கள். பட்டைத் தொட்டியில் ஊறி எழுந்த தோலைக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுப்பார்கள். நிறம் வெளிறி, இளமஞ்சளாகும். அப்போது இரும்பு மட்டும் கிட்டே வரக்கூடாது. துருப்பிடித்த ஆணி ஒன்று ஈரத்தோலில் பட்டாலே கருநீலக் கறைதான். தோலின் விலை போச்சு! கடுக்காயிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருப்பதே காரணம்.

தோல்காரர் அஞ்சிய அந்தக் கறையை ஓவியர் வேண்டுமென்றே உண்டாக்கினார். கலம்காரி என்னும் துணி ஓவியத்துக்கு முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் புளிக்கவைத்த கரைசலை மூங்கில் எழுதுகோலில் தொட்டு இழுத்தால், கோடு கண்ணெதிரே கறுக்கும். கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் உண்டாகும் மாசிக்காய், கூடவே அன்னபேதி எனும் இரும்பு உப்பு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்தது இத்தகைய மையிலும்தான். நாளாக ஆக அது பழுப்பேறும், காகிதத்தையே அரிக்கும். அருங்காட்சியகங்களுக்கு இன்றும் தலைவலி.

சோதித்துப் பார்க்க ஆசையா? நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்கி வெந்நீரில் கரைத்து, துருப்பிடித்த ஆணியைப் போட்டு ஓரிரவு விடுங்கள். வெள்ளைச் சட்டையோடு மட்டும் அருகே போகாதீர்கள்!