எந்திரத்தின் விலையும் தாளின் விலையும்

ஒரு கிராமத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. குழுவில் 12 பேர். ஊறுகாய், பருப்புப் பொடி, இட்லிப் பொடி செய்து விற்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் கலர் லேபிள் ஒட்ட வேண்டும். லேபிள் அச்சடிக்க மாதம் இருமுறை டவுனுக்குப் போகிறார்கள். பஸ் செலவு ஒரு பக்கம். காத்திருக்கும் நேரம் இன்னொரு பக்கம். விலை மாறினால் பழைய லேபிள் எல்லாம் வீண்.

"நாமே ஒரு கலர் பிரிண்டர் வாங்கினால் என்ன?" என்று குழுத் தலைவி கேட்டார்.

பலருக்கும் ஆசைதான். ஆனால் பயமும் இருந்தது. சேமிப்புப் பணம் 40,000 ரூபாய் இருக்கிறது. பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். தவறான எந்திரத்தை வாங்கிவிட்டால் பணம் போனது போனதுதான்.

இப்படிப்பட்ட எந்திரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது? தெரிந்துகொள்வோம்.

ஒரு பெட்டி, பல வேலை

கடையில் "ஆல் இன் ஒன்" என்று ஒரு எந்திரம் காட்டுவார்கள். பல வேலைகளை ஒரே பெட்டி செய்யும் என்பது இதன் பொருள்.

கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் உள்ளதை அச்சடிக்கும். ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாளில் நகல் எடுக்கும். தாளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். இதுதான் ஸ்கேன். சில எந்திரங்களில் ஃபேக்ஸ் வசதியும் உண்டு. இன்று பெரும்பாலோருக்கு ஃபேக்ஸ் தேவைப்படுவதில்லை. தேவையில்லாத வசதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

தூள் எப்படி எழுத்தாகிறது?

தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பைச் சிறு காகிதத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். துணுக்குகள் ஓடிவந்து ஒட்டும். தேய்ப்பதால் சீப்பில் மின்னூட்டம் உண்டாகிறது. அதுதான் காகிதத்தை இழுக்கிறது.

லேசர் பிரிண்டரும் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. உள்ளே ஓர் உருளை இருக்கிறது. அதற்கு டிரம் என்று பெயர். அதன் மேல் மின்னூட்டம் ஏற்றப்படும். பிறகு லேசர் என்னும் மெல்லிய ஒளிக்கற்றை எழுத்தின் வடிவத்தை அதன் மேல் வரையும். ஒளி பட்ட இடத்தில் மட்டும் தூள் ஒட்டும். அந்தத் தூள் தாளுக்கு மாறும். கடைசியில் சூடான உருளைகளுக்கு நடுவே தாள் போகும். தூள் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். தாள் வெதுவெதுப்பாக வெளியே வருவது இதனால்தான்.

இந்தத் தூளுக்கு டோனர் என்று பெயர். இது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆன தூள். அதனால் தண்ணீர் பட்டாலும் எழுத்து கரைவதில்லை.

கலர் எந்திரத்தில் நான்கு டோனர் டப்பாக்கள் இருக்கும். கறுப்பு, மஞ்சள், வெளிர் நீலம், ரோஜா கலந்த சிவப்பு. மற்ற நிறங்கள் எல்லாம் இவை கலந்து வருபவை. மஞ்சளும் வெளிர் நீலமும் சேர்ந்தால் பச்சை.

இந்தத் தொழிலின் கதை அமெரிக்காவில் தொடங்கியது. செஸ்டர் கார்ல்சன் என்பவர் ஒரு கம்பெனியில் காப்புரிமைப் பத்திரங்களைக் கவனித்து வந்தார். பத்திரங்களுக்குத் திரும்பத் திரும்ப நகல் தேவைப்பட்டது. சுலபமான வழி தேடினார். 1938 அக்டோபர் 22 அன்று தூளையும் மின்னூட்டத்தையும் கொண்டு முதல் நகலை எடுத்தார். 1959-ல் ஜெராக்ஸ் 914 என்னும் நகல் எந்திரம் வெளிவந்தது. நகல் எடுப்பதை நாம் "ஜெராக்ஸ்" என்று சொல்வது அந்தக் கம்பெனியின் பெயரால்தான். 1970-களின் தொடக்கத்தில் அதே கம்பெனியில் வேலை பார்த்த கேரி ஸ்டார்க்வெதர் லேசர் பிரிண்டரை உருவாக்கினார்.

முதலில் வேலையை எண்ண வேண்டும்

குழுவில் கணக்கு எழுதும் பெண் ஒரு யோசனை சொன்னார். "கடைக்குப் போகும் முன்னால் நம்ம வேலையை எண்ணுவோம் அக்கா."

ஒரு மாதம் நோட்டில் குறித்து வந்தார்கள். லேபிள் 200 தாள். பில், கணக்கு, நகல் எல்லாம் சேர்த்துக் கறுப்பில் 300 தாள். தாளையும் ஒட்டுத் தாளையும் குழுவே வாங்கிக் கொடுத்தது. டவுன் கடையில் அச்சுக்கூலி மட்டும் கலருக்கு 20 ரூபாய், கறுப்புக்கு 3 ரூபாய். அதாவது 4,000 ரூபாயும் 900 ரூபாயும். மொத்தம் மாதம் 4,900 ரூபாய்.

எல்லோருக்கும் கலர் லேசர் தேவை என்று சொல்ல முடியாது. கறுப்பு எழுத்து மட்டும் போதும் என்றால் கறுப்பு லேசர் எந்திரம் போதும். அதன் விலையும் குறைவு, செலவும் குறைவு. வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்கும் படங்களுக்கும் கலர் வேண்டுமென்றால் மைத் தொட்டி பிரிண்டர் பொருந்தும். அதில் ஒரு தாளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் அதில் பயன்படும் சாதாரண மை தண்ணீர் பட்டால் கரையலாம். நெடுநாள் அச்சடிக்காமல் விட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். லேசரின் தூள் காய்வதில்லை.

ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கை படும். அதனால் குழு லேசர் எந்திரத்தையே பார்க்க முடிவு செய்தது.

ஒரு தாளுக்கு என்ன செலவு?

டவுனில் கடைக்காரர் இரண்டு எந்திரங்களைக் காட்டினார். முதல் எந்திரம் 28,000 ரூபாய். இரண்டாவது 40,000 ரூபாய். (இங்கே சொல்லும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. கடைக்குக் கடை மாறும்.)

"முதலாவதை எடுத்துக்குங்க அம்மா. 12,000 ரூபாய் மிச்சம்" என்றார் கடைக்காரர்.

கணக்கு எழுதும் பெண் கேட்டார்: "தம்பி, டோனர் டப்பா என்ன விலை? ஒரு டப்பாவில் எத்தனை தாள் அடிக்கலாம்?"

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எந்திரத்தை ஒரு முறைதான் வாங்குகிறோம். டோனரைத் திரும்பத் திரும்ப வாங்குகிறோம்.

டப்பா விலையைத் தாள்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அதுதான் ஒரு தாளின் செலவு.

முதல் எந்திரம்: கறுப்பு டோனர் 5,000 ரூபாய், 1,250 தாள் வரும். ஒரு தாளுக்கு 4 ரூபாய். கலர் டோனர் ஒவ்வொன்றும் 5,000 ரூபாய், 1,000 தாள் வரும். ஒரு நிறத்துக்கு 5 ரூபாய், மூன்று நிறத்துக்கு 15 ரூபாய். கறுப்பையும் சேர்த்தால் ஒரு கலர் தாளுக்கு 19 ரூபாய்.

இரண்டாவது எந்திரம்: கறுப்பு டோனர் 6,000 ரூபாய், 3,000 தாள் வரும். ஒரு தாளுக்கு 2 ரூபாய். கலர் டோனர் ஒவ்வொன்றும் 6,000 ரூபாய், 2,000 தாள் வரும். மூன்று நிறத்துக்கு 9 ரூபாய். கறுப்பையும் சேர்த்தால் ஒரு கலர் தாளுக்கு 11 ரூபாய்.

இப்போது மாதக் கணக்கு.

முதல் எந்திரத்தில்: 200 கலர் தாளுக்கு 3,800 ரூபாய். 300 கறுப்புத் தாளுக்கு 1,200 ரூபாய். மொத்தம் 5,000 ரூபாய்.

இரண்டாவது எந்திரத்தில்: 200 கலர் தாளுக்கு 2,200 ரூபாய். 300 கறுப்புத் தாளுக்கு 600 ரூபாய். மொத்தம் 2,800 ரூபாய்.

டவுன் கடையில் இப்போது ஆவது 4,900 ரூபாய். முதல் எந்திரத்தை வாங்கினால் மாதம் 100 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். போட்ட 28,000 ரூபாய் திரும்பி வராது. இரண்டாவதில் மாதம் 2,100 ரூபாய் மிச்சம். 20 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். மலிவாகத் தெரிந்த எந்திரம் உண்மையில் மலிவு இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புது எந்திரத்தோடு வரும் டோனர் டப்பா பல நேரம் முழு டப்பாவாக இருக்காது. குறைந்த அளவு தூளே இருக்கும். அது எத்தனை தாளுக்கு வரும் என்று கேட்க வேண்டும்.

முற்றமும் கோலமும்

டப்பாவின் மேல் சிறிய எழுத்தில் ஏதோ இருந்தது. கணக்கு எழுதும் பெண் மெல்லக் கூட்டிப் படித்தார். தாள்களின் எண்ணிக்கை ஒரு சோதனைப் பக்கத்தை வைத்துச் சொல்லப்பட்டது என்று அதில் இருந்தது.

அந்தச் சோதனைப் பக்கங்களில் எழுத்தும் சிறு படங்களும்தான் இருக்கும். பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும். கறுப்பு டோனருக்கான சோதனைப் பக்கத்தில் 100 பங்கில் சுமார் 5 பங்கு இடத்தில்தான் தூள் படும்.

குழுவின் லேபிளோ முழுக்கச் சிவப்பு. ஒரு விரல் இடம்கூட வெள்ளை இல்லை. அப்படி அடித்தால் பல மடங்கு தூள் செலவாகும். இரண்டு மடங்கு ஆனாலே 11 ரூபாய் 22 ரூபாய் ஆகிவிடும். டவுன் கடையே மேல்!

எல்லோர் முகமும் வாடியது. அப்போது குழுவில் மூத்தவர் பேசினார். "முற்றம் முழுக்கவா மாவைக் கொட்டுறோம்? கோலம் மட்டும்தானே போடுறோம்? லேபிளையும் அப்படிப் போடுங்களேன்."

அன்று அவர்கள் எந்திரம் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து லேபிளை மாற்றினார்கள். பின்புறம் வெள்ளை. பெயர் மட்டும் சிவப்பு. ஓரத்தில் சிறிய மிளகாய்ப் படம். எடை, விலை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் கறுப்பில். எழுத்து முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

கடையில் சோதிக்கும் முறை

அடுத்த வாரம் புது லேபிளோடு மீண்டும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரித் தாள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நம் தாளை நம் கண் முன்னால் அடிக்கச் சொல்ல வேண்டும்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

1. சிறிய எழுத்து தெளிவாக இருக்கிறதா?
2. கட்டை விரலால் தேய்த்தால் தூள் உதிர்கிறதா?
3. நிறத்தின் விளிம்பு விலகித் தெரிகிறதா?
4. பத்துப் பதினைந்து தாள்களைத் தொடர்ந்து விட்டால் சிக்குகிறதா? சிக்கினால் சுலபமாக எடுக்க முடிகிறதா?
5. தாளின் இரு பக்கமும் தானாக அச்சடிக்கிறதா? அப்படியானால் தாள் பாதி மிச்சம்.
6. ஒட்டுத் தாளை ஏற்கிறதா? லேசருக்கு என்றே செய்த ஒட்டுத் தாள்தான் போட வேண்டும். வேறு தாள் போட்டால் சூட்டில் பசை உருகி எந்திரம் கெட்டுவிடும்.
7. வேறு கம்பெனி டோனரை ஏற்கிறதா? சில எந்திரங்கள் ஏற்பதில்லை.
8. மாதம் எத்தனை தாள் அடிக்கலாம்? இரண்டு எண்கள் சொல்வார்கள். பெரிய எண் உச்ச வரம்பு. "பரிந்துரைக்கும் அளவு" என்னும் சிறிய எண்ணையே நம்ப வேண்டும்.

பழுது பார்க்கும் இடம் எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். தூரத்தில் இருந்தால் எந்திரம் நின்ற நாளில் வேலையும் நிற்கும்.

மின்சாரமும் பாதுகாப்பும்

லேசர் எந்திரம் சூடாகும் நேரத்தில் இஸ்திரிப் பெட்டி போல மின்சாரத்தை இழுக்கும். எர்த் உள்ள மூன்று துளை பிளக்கில் மாட்ட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரிலும் சிறிய யு.பி.எஸ்.ஸிலும் மாட்டக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

டோனர் தூள் சிந்தினால் வாயால் ஊதக் கூடாது. மூச்சில் போகும். உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் கழுவ வேண்டும். காலி டப்பாவை எரிக்கக் கூடாது. அது மின்கழிவு. சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

கலர் எந்திரத்தில் ரூபாய் நோட்டை நகல் எடுக்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாது. அது குற்றம்.

ரசீது

எந்திரத்தின் மேல் இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரிண்டர்களுக்கு இது கட்டாயம். பில் வாங்க வேண்டும். உத்தரவாதம் எத்தனை மாதம், எதற்கெல்லாம் பொருந்தும் என்பதை எழுதி வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. கடையில் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி வழக்கும் போடலாம்.

குழு இரண்டாவது எந்திரத்தை வாங்கியது. முதல் 100 லேபிள் தாள் அடித்ததும் டோனர் எவ்வளவு மீதி என்று எந்திரத்திலேயே பார்த்து நோட்டில் எழுதினார்கள். 200-வது தாளிலும் எழுதினார்கள். தூள் கணக்கு அவர்கள் போட்ட கணக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த நோட்டு இப்போது எந்திரத்தின் பக்கத்திலேயே தொங்குகிறது.

நீங்களே கணக்குப் போடுங்கள்

1. ஒரு டோனர் டப்பா 4,500 ரூபாய். 1,500 தாள் வரும். ஒரு தாளுக்கு என்ன செலவு?
2. ஒரு கடையில் ஒரு நகலுக்கு 3 ரூபாய் வாங்குகிறார்கள். அவர்களுக்கு டோனர் செலவே 4 ரூபாய். 200 நகல் எடுத்தால் எவ்வளவு நட்டம்?
3. உங்கள் வீட்டிலோ குழுவிலோ மாதம் எத்தனை தாள் அச்சடிக்கிறீர்கள்? ஒரு மாதம் எண்ணி எழுதுங்கள்.