இந்தியா பெயரைச் சுமக்கும் கசப்பு பீர்
கடல் கடந்து வந்த ஒரு சரக்கின் கதை

பெங்களூரில் தாங்களே பீர் காய்ச்சி விற்கும் விடுதிகளின் விலைப்பட்டியலில் "ஐ.பி.ஏ." என்ற மூன்று எழுத்துக்களைக் காணலாம். "இந்தியா பேல் ஏல்" என்பதன் சுருக்கம் அது. நம் நாட்டின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது இங்கே பிறந்த பானம் அல்ல. இங்கிலாந்தில் காய்ச்சி, பீப்பாயில் அடைத்து, இந்தியாவிலிருந்த வெள்ளையருக்காகக் கப்பலேற்றி அனுப்பியது.

குளிர்சாதன வசதி இல்லாத அந்தக் காலத்தில் நம் சமவெளி வெயிலில் நல்ல பீர் காய்ச்ச இயலாது. சூடு மிகுந்தால் ஊறல் கெட்டுப் புளித்துவிடும். ஆகவே கும்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு வேண்டிய பீர் கடல் வழியேதான் வர வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து வர நான்கு முதல் ஆறு மாதங்கள் பிடித்தன.

கசப்பே காவல்

பீப்பாய் கெடாமல் இருக்க உதவியது ஹாப் என்னும் கொடியின் பூங்கொத்து. அதிலுள்ள மஞ்சள் நிறப் பிசின் தூள், கொதிக்கும்போது கசப்பாக மாறுகிறது. பீரைப் புளிக்க வைக்கும் கிருமிகள் பலவற்றை அந்தக் கசப்பு அடக்கி வைக்கிறது. நாம் ஊறுகாயில் உப்பையும் எண்ணெயையும் தாராளமாகச் சேர்ப்பது போல, அவர்கள் தூரதேசம் போகும் பீரில் ஹாப்பைத் தாராளமாகச் சேர்த்தார்கள்.

லண்டனின் கிழக்குப் பகுதியான போ என்னுமிடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் 1752-ல் மதுவடிசாலை தொடங்கினார். கும்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறை அவருக்குப் பக்கம். கப்பல் தலைவர்களுக்கு நீண்ட கடன் தவணையும் கிடைத்தது. வியாபாரம் செழித்ததற்கு இவ்விரண்டுமே பெரும் காரணங்கள்.

இந்தியப் பயணத்திற்கென்றே அவர் புதிய பானம் கண்டுபிடித்தார் என்று பலரும் சொல்வதுண்டு. அது சரியல்ல. 1784-லேயே கல்கத்தாப் பத்திரிகையில் பேல் ஏல் விற்பனைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. ஹாப் மிகுந்த பீரை ஓரிரு ஆண்டு நிலவறையில் வைத்துப் பக்குவப்படுத்துவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். கப்பலின் ஆட்டமும் வெப்பமும் அந்தப் பக்குவத்தைச் சில மாதங்களிலேயே தந்துவிட்டன. சாதாரண சிப்பாய் குடித்தது பெரும்பாலும் போர்ட்டர் என்னும் கறுப்பு பீர். வெளிர் நிற ஏல் அதிகாரிகளின் மேஜைக்கே போனது.

சென்னையில் 1881 வரை துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் படகோட்டிகள் அலைகளை எதிர்த்துச் சென்று சரக்கைக் கரை சேர்த்தனர். பீப்பாயின் கனம் அவர்கள் தோளுக்கு. உள்ளிருந்த பானம் துரைமார்களுக்கு!

போட்டியும் ரயிலும்

1820-களில் ஹாட்ஜ்சன் குடும்பத்தார் கப்பல் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சரக்கை அனுப்பினர், விலையை உயர்த்தினர், கடனையும் நிறுத்தினர். ருஷ்ய வரி உயர்வால் தம் சந்தையை இழந்து தவித்த பர்ட்டன் நகரத்தாருக்கு இது நல்வாய்ப்பானது. ஆல்சாப், பாஸ் ஆகியோரின் பீர்கள் இந்தியாவுக்கு வந்தன. பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் சத்து அதிகம். அதனால் பீர் தெளிந்தது. கசப்பும் துலக்கமாக நின்றது.

1839-ல் பர்ட்டனுக்கு ரயில் வந்தபின் உள்நாட்டிலும் விற்பனை பெருகியது. 1868-ல் லண்டனில் திறந்த செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் கீழ்த்தளம் பர்ட்டன் பீப்பாய்களை அடுக்கவே கட்டப்பட்டது. பீப்பாயின் அளவை வைத்தே அங்கே இரும்புத் தூண்களின் இடைவெளியை வகுத்தார்கள். இன்று அவ்விடத்தில் ஐரோப்பா செல்லும் பயணிகள் ரயிலுக்குக் காத்திருக்கின்றனர். பாஸ் கம்பெனியின் சிவப்பு முக்கோணம் 1876-ல் பிரிட்டனின் முதல் வணிக முத்திரையாகப் பதிவானது.

மீண்டும் வந்த மவுசு

இருபதாம் நூற்றாண்டில் வரிகளாலும் முதல் உலகப் போரின் கட்டுப்பாடுகளாலும் இந்தப் பீர் வீரியம் குன்றிப் பெயரளவில் நின்றது. அதற்கு மறுவாழ்வு தந்தது அமெரிக்கா. ஆரஞ்சுத் தோல் போல மணக்கும் காஸ்கேட் என்ற ஹாப் 1972-ல் அங்கே வெளியிடப்பட்டது. 1975-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிலையமும், 1980-ல் சிக்கோ நகரின் சியரா நெவாடாவும் அதைக் கொண்டு காய்ச்சிய பீர்கள் புதிய தலைமுறையைக் கவர்ந்தன. ஆங்கர் நிலையம் 2023-ல் மூடப்பட்டது. அது தொடங்கிவைத்த ருசி மட்டும் உலகெங்கும் பரவிவிட்டது.

கசப்பில் அப்படி என்ன கவர்ச்சி? பாகற்காய்க் குழம்பும் வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் உண்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முதல் வாய்க்கு முகம் சுளிக்கும். பழகிய நாக்கு தேடிப் போகும். அந்தத் தேடல்தான் அபாயமும் கூட. பாகற்காய் பழகினால் உடம்புக்கு நல்லது. மது பழகினால் மாதச் சம்பளம் வீடு போய்ச் சேராது.

ஹாப் கொடி நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் விளைகிறது. இந்தியாவைப் பெயரில் மட்டுமே கொண்டிருந்த பானம் இப்போது இந்திய மண்ணிலேயே காய்ச்சப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பீப்பாய் சுமந்த கூலிக்கு எட்டாத விலையில்தான் அது விற்றது. இன்றும் பெரிய விடுதிகளில் ஒரு குவளையின் விலையைக் கேட்டால், சுமை தூக்குவோருக்கு அது எட்டாத சரக்காகவே இருக்கிறது.