பட்டில் சுருட்டிய கடல்

1921இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள லோஸ்டாஃப்ட் மீன்வள ஆய்வகத்தில் ஆலிஸ்டர் ஹார்டி என்ற இளம் விலங்கியலாளர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கையில் எடுத்த கேள்வி, ஹெர்ரிங் மீன் எதைத் தின்று வாழ்கிறது என்பது. ஹெர்ரிங் நம் மத்தியின் குடும்பத்து மீன். அன்று வட கடலோரத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் அதுதான் சோறு போட்டது. மீன்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தே ஹார்டி பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். நண்டு, இறால் இனத்தோடு உறவுடைய, அரிசிக் குருணை அளவே உள்ள கோப்பிபாட் என்ற உயிரிதான் வளர்ந்த ஹெர்ரிங்கின் முக்கிய இரை. அடுத்த கேள்விதான் அவரை விடாமல் துரத்தியது. கடலில் இந்தக் கோப்பிபாட்கள் எங்கே, எவ்வளவு இருக்கின்றன?

பார்க்க எளிய கேள்விதான். கப்பலை நிறுத்தி, நுண்ணிய வலையை இறக்கித் தூக்கி, சிக்கியதை எண்ண வேண்டியதுதானே? அப்படித்தான் எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் நீரோட்டத்தின் போக்கில் அலையும் சிற்றுயிர்கள், அதாவது பிளாங்டன்கள், கடலில் சீராகப் பரவியிருப்பதில்லை. ஓரிடத்தில் கூழ்போல மொய்த்திருக்கும். சற்றுத் தள்ளிப் போனால் வெறும் தண்ணீர். வலை விழுந்த இடத்தில் கூட்டம் இருந்தால் கடல் செழிப்பாக இருப்பதாகக் குறிப்பு எழுதுவார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் அதே நாளில் அதே கடலில் பஞ்சம் என்று எழுதியிருப்பார்கள். பத்து இடங்களில் வலை போட்டு ஒரு கடலைப் பற்றிப் பேசுவது ஏறக்குறையச் சீட்டுக் குலுக்கல்.

1925இல் திமிங்கில ஆய்வுக்காக அண்டார்க்டிக் கடலுக்குப் புறப்பட்ட 'டிஸ்கவரி' கப்பலில் ஹார்டி விலங்கியலாளராகப் போனார். ராபர்ட் ஸ்காட் 1901இல் தென்துருவப் பயணத்துக்குக் கொண்டுபோன அதே கப்பல் அது. அந்தப் பயணத்துக்காக ஹார்டி வடிவமைத்த கருவிதான் 'கண்டினியுவஸ் பிளாங்டன் ரெக்கார்டர்', சுருக்கமாக சி.பி.ஆர். புள்ளி புள்ளியாகக் கடலைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, கப்பல் போகும் வழி முழுவதையும் ஒரே கோடாகப் பதிவுசெய்வது அதன் வேலை. (ஹார்டிக்கு இப்படிப்பட்ட யோசனைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பின்னாளில் பட்டத்தில் வலையைக் கட்டிப் பறக்கவிட்டு, காற்றில் மிதந்து போகும் பூச்சிகளையும் பிடித்து எண்ணியவர் அவர்.)

கருவியை வெளியிலிருந்து பார்த்தால் வால் வைத்த இரும்புப் பெட்டி, நீளம் ஒரு மீட்டர் சொச்சம். நகரும் கப்பலின் பின்னால் கம்பி வடத்தில் கட்டி இழுத்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏழு முதல் பத்து மீட்டர் ஆழத்தில் நிலையாக ஓடும். மூக்கில் பக்கத்துக்கு அரை அங்குலம் உள்ள ஒரு சதுரத் துளை. அதன் வழியே புகும் நீர், உள்ளே அகன்றுகொண்டே போகும் குழாயில் வேகம் தணிந்து, குறுக்கே விரித்திருக்கும் பட்டுத் துணியில் வடிந்து, பின்பக்கம் வெளியேறிவிடும். துணியின் கண் அளவு 270 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு காலத்தில் ஐரோப்பிய மாவு மில்களில் மாவு சலிக்க நெய்த பட்டைத்தான் கடல் ஆய்வாளர்கள் பிளாங்டன் வலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஹார்டியும் அந்த மரபில் வந்தவர்தான்.

உயிரிகள் பட்டில் தங்கியதும் இன்னொரு பட்டுத் துணி மேலே வந்து மூடிக்கொள்கிறது. நடுவில் உயிரிகள் அமுங்கிய இந்த இரட்டைத் துணி உருளையில் சுற்றிக்கொண்டே போய் ஃபார்மலின் தொட்டிக்குள் இறங்கும். அங்கே எதுவும் அழுகாது.

துணியை நகர்த்துவது மோட்டாரும் அல்ல, பேட்டரியும் அல்ல. பெட்டியின் வால்பக்கம் ஒரு சின்ன புரொப்பெல்லர் இருக்கிறது. கப்பல் இழுக்க இழுக்க நீர் அதைச் சுழற்றும். பல்சக்கரங்கள் வழியே அந்தச் சுழற்சி உருளையைத் திருப்பும். ஹார்டியின் மூளைக்கு இந்த ஓர் ஏற்பாடே போதுமான சான்று. கப்பல் வேகமாகப் போனால் துணியும் வேகமாக நகரும். கப்பல் நின்றால் துணியும் நிற்கும். எனவே துணியில் பதிவாவது நேரம் அல்ல, தூரம். ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பட்டு. பத்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றை எடுத்தால், அது பத்து கடல் மைல் தூரத்தில் வடிகட்டிய மூன்று கன மீட்டர் கடல்நீரின் கணக்கு. ஐந்து மீட்டர் துணியில் ஐந்நூறு மைல் கடல் சுருண்டு கிடக்கும்.

ஹார்டி 1928இல் ஹல் நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் விலங்கியல் பேராசிரியர் ஆனார். ஹல் ஒரு துறைமுக ஊர். ஆய்வுக் கப்பல் ஒன்றை மாதாமாதம் கடலுக்கு அனுப்பும் வசதி எந்தப் பேராசிரியருக்கும் இருந்ததில்லை; ஆனால் அந்த ஊரிலிருந்து சரக்குக் கப்பல்கள் ஓயாமல் போய்வந்துகொண்டிருந்தன. கருவியைச் சிறிதாக்கி, அறிவியல் தெரியாத மாலுமியும் இறக்கி ஏற்றும்படி மாற்றினார். 1931 செப்டம்பரில் ஹல்லிலிருந்து ஜெர்மனியின் பிரெமனுக்குப் போன கப்பல் ஒன்று முதல்முறையாக அதை இழுத்துச் சென்றது. கப்பல்காரர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கருவியை இறக்கிய நேரமும் இடமும், வழியில் திசை திரும்பிய இடங்கள், தூக்கிய நேரமும் இடமும் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, துணி சுருண்டிருக்கும் கேசட்டை ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தால் போதும். இன்றுவரை இந்தத் திட்டம் பெரும்பாலும் கப்பல் நிறுவனங்களின் நல்லெண்ணத்தில்தான் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது 1939இல் நின்றது. 1946இல் மறுபடி தொடங்கியது. இதுவரை இழுத்த தூரம் 70 லட்சம் கடல் மைலுக்கும் மேல்.

ஆய்வகத்தில் நடப்பது இன்னும் பழைய பாணி வேலை. முதலில் துணியை விரித்து, அதன் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே தரம் பிரிப்பார்கள்: பச்சை, வெளிர் பச்சை, மிக வெளிர் பச்சை, நிறமில்லை. நான்கே தரம். பச்சை அடர்த்தியாக இருந்தால் தாவர பிளாங்டன் அதிகம் என்று பொருள். பிறகு துணியைப் பத்து மைல் துண்டுகளாக வெட்டி நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் இருபது இடங்களில் தாவர பிளாங்டனைப் பார்ப்பார்கள்; துணியின் குறுக்கே ஓடி சிறிய விலங்குகளை எண்ணுவார்கள்; இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரியவற்றை ஒன்றுவிடாமல் எண்ணுவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எண்ணிய விதமும் இன்று இன்னொருவர் எண்ணும் விதமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பயிற்சி நீளமாக நடக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. 270 மைக்ரான் கண் வழியே சிறிய உயிரிகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஜெல்லி மீன்கள் பட்டுக்கிடையில் நசுங்கி அடையாளம் தெரியாமல் போகும். அவற்றின் கொட்டும் செல்கள் மட்டும் துணியில் ஒட்டியிருந்து 'வந்துபோனது நான்தான்' என்று காட்டிக்கொடுக்கும். பத்து மீட்டருக்குக் கீழே நடப்பது எதுவும் இந்தக் கருவிக்குத் தெரியாது. இதைவிடத் துல்லியமான கருவியை இன்றைய பொறியாளர் ஒருவர் வடிவமைத்துவிட முடியும். அப்படியானால் ஏன் இன்னும் அதே பட்டு, அதே அரை அங்குலத் துளை?

மாற்றினால் கணக்கு உடைந்துவிடும் என்பதால்தான். இந்த ஆண்டு வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் பிடிபடும் உயிரிகள் கூடும். கடல் மாறியதா, வலை மாறியதா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தாவர பிளாங்டனை எண்ணும் முறை 1958 முதல் மாறவே இல்லை. குறைகளும் அப்படியே மாறாமல் இருப்பதால், 1960இல் தவறவிட்டதையேதான் 2020இலும் இந்தக் கருவி தவறவிடுகிறது. இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். புதிது புதிதாக மேம்படுத்துவதே முன்னேற்றம் என்று நம்பும் நமக்கு, மேம்படுத்தாமல் காப்பாற்றுவதும் ஒரு பெரிய அறிவியல் வேலை என்பது சட்டென்று மனத்தில் ஏறாது. நிதி கொடுப்பவர்களுக்கும் ஏறவில்லை. 1980களின் இறுதியில் இந்தத் திட்டம் மூடப்படும் நிலைக்கு வந்தது. 1990இல் ஹார்டியின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கித்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது. 2018இல் அது பிளைமவுத்தில் உள்ள கடல் உயிரியல் சங்கத்தோடு இணைந்தது.

மூடியிருந்தால் என்ன போயிருக்கும் என்பது 2002இல் தெரிந்தது. கிரெகரி போக்ராந்தும் உடன் ஆய்வாளர்களும் 1960 முதல் 1999 வரையான பட்டுத் துண்டுகளின் கணக்கை வரைபடத்தில் ஏற்றினார்கள். வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெதுவெதுப்பான நீரை விரும்பும் கோப்பிபாட்கள் பத்துப் பாகை அட்சரேகை, அதாவது சுமார் ஆயிரம் கிலோமீட்டர், வடக்கே நகர்ந்திருந்தன. குளிர்நீர் இனங்கள் பின்வாங்கியிருந்தன. வட கடலில் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்ற குளிர்நீர் இனத்தின் இடத்தை அதன் நெருங்கிய உறவான கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். ஐந்தாவது இணைக் காலின் வடிவத்தை நுண்ணோக்கியில் உற்றுப் பார்த்தால்தான் எது எதுவென்று சொல்லலாம். செயற்கைக்கோள் ஆயிரம் இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

காலில் சின்ன வேறுபாடுதானே என்று தோன்றலாம். காட் மீனின் குஞ்சுகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வசந்த காலத்தில் பொரித்து வரும் அந்தக் குஞ்சுகளுக்கு அதே பருவத்தில் பெருகும் ஃபின்மார்க்கிகஸ்தான் சரியான இரை. இடத்தைப் பிடித்த ஹெல்கோலாண்டிகஸோ இலையுதிர் காலத்தில்தான் உச்சத்துக்கு வரும். குஞ்சு பசியோடு இருக்கும்போது பந்தியில் இலை காலி. வட கடலின் காட் மீன் வளம் சரிந்ததற்கு அளவுக்கு மீறிய பிடிப்பு பெரிய காரணம். இரை மாறியதும் அதோடு சேர்ந்துகொண்டது என்பதை 2003இல் வெளியான ஆய்வு இதே பட்டுத் துண்டுகளைக் கொண்டு காட்டியது.

1999இல் வடமேற்கு அட்லாண்டிக்கின் லாப்ரடார் கடலில் இழுத்த துணியில் வரக்கூடாத விருந்தாளி ஒன்று வந்தது. நியோடெண்டிகுலா செமினே என்ற டயாட்டம், அதாவது ஒற்றைச் செல் தாவர பிளாங்டன், பசிபிக் கடலின் வாசி. அட்லாண்டிக்கில் அது அழிந்து எட்டு லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. 1998இல் கனடாவின் வடக்கே ஆர்க்டிக் பனி வழக்கத்துக்கு மாறாக விலகி நீர்வழி திறந்தபோது, அது அந்த வழியே கடந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கருவி மாதாமாதம் அங்கே ஓடிக்கொண்டிருக்காவிட்டால், வந்த தேதி யாருக்கும் தெரிந்திருக்காது.

பழைய துணிகளை எறியாமல் வைத்திருப்பது இன்னொரு புதையல். 2004இல் பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சனும் குழுவினரும் 1960கள் முதல் சேர்ந்த துணிகளில், ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்கும் இடையே இழுத்தவை உட்படச் சிலவற்றை எடுத்துப் பிளாங்டனுக்கு நடுவே பிளாஸ்டிக் இழைகளைத் தேடினார்கள். 1960கள், 70களைவிட 1980கள், 90களில் அவை தெளிவாகக் கூடியிருந்தன. நுண்பிளாஸ்டிக் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவ அந்தச் சிறிய கட்டுரை முக்கியக் காரணம். அந்தத் துணிகளை இழுத்த நாளில் அதைத் தேட வேண்டும் என்று யாரும் கனவுகூடக் கண்டிருக்கவில்லை.

பிளாஸ்டிக் பற்றிய இன்னொரு சாட்சி துணியில்கூட இல்லை. தொந்தரவுக் குறிப்பில் இருந்தது. கருவியில் ஏதாவது சிக்கி இழுவை கெட்டுப்போனால் அதையும் தாளில் எழுதிவைப்பது வழக்கம். கிளேர் ஆஸ்லும் குழுவினரும் 1957 முதல் 2016 வரையான இந்தக் குறிப்புகளைத் திரட்டி 2019இல் வெளியிட்டார்கள். 1957இல் ஐஸ்லாந்து பக்கம் மீன்பிடி வலையின் பிளாஸ்டிக் கயிறு சிக்கியிருந்தது. 1965இல் அயர்லாந்தின் வடமேற்கே ஒரு பிளாஸ்டிக் பை. திறந்த கடலில் கிடைத்த மிகப் பழைய பிளாஸ்டிக் சாட்சிகளில் இவை சேரும். பிளாஸ்டிக் கழிவு பற்றி யாரும் கவலைப்படாத காலத்தில், வேலை கெட்டுப்போன எரிச்சலில் எழுதிய வரிகள் அவை. 1990களுக்குப் பிறகு இப்படிப்பட்ட சிக்கல்கள் தெளிவாகவே அதிகரித்திருந்தன.

ஃபார்மலினில் ஊறிய துணியிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியுமா? ஃபார்மலின் அதைச் சிதைத்துவிடும் என்பதால் அது எளிய வேலை அல்ல. இத்தாலியின் லூய்ஜி வெட்சுல்லியும், காலரா ஆய்வில் புகழ்பெற்ற ரீட்டா கோல்வெல்லும் இடம்பெற்ற குழு, உடைந்துபோன சிறு சிறு துணுக்குகளை வைத்தே அதைச் செய்தது. விப்ரியோ என்பது காலரா கிருமியும் அடங்கிய பாக்டீரியா வகை. கோப்பிபாட்களின் உடலில் ஒட்டிக்கொண்டு கடலில் வாழக்கூடியது. 1958 முதல் 2011 வரையான துணிகளில் அதன் பங்கு கூடிவருவதையும், கடலின் வெப்பம் கூடியதோடு அது ஒத்துப்போவதையும் 2016இல் அவர்கள் காட்டினார்கள். அந்தத் துணிகளில் முதலாவது கடலில் இறங்கியபோது, டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவம் தெரியவந்து ஐந்தே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இப்போது சில பெட்டிகளில் வெப்பம், உப்பின் அளவு ஆகியவற்றை அளக்கும் உணரிகளும், டி.என்.ஏ. ஆய்வுக்காக நீரைப் பிடித்துவைக்கும் சிறு கருவிகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்தில்தான் பொருத்துகிறார்கள். மூக்குத் துளையிலும் பட்டின் கண்ணிலும் கைவைக்க யாருக்கும் அனுமதி இல்லை.