பேச்சுக்கு மயங்காத பூட்டு

2024 நவம்பரில் ஃப்ரேசா என்ற ஏஐ ஏஜென்ட்டிடம் ஒரு கிரிப்டோ கஜானாவை ஒப்படைத்து, அதற்கு ஒரே ஒரு கட்டளை இட்டார்கள்: யார் என்ன சொன்னாலும் இந்தப் பணத்தைக் கொடுக்காதே. கட்டணம் செலுத்தினால் எவரும் அதற்குச் செய்தி அனுப்பலாம். அதன் மனத்தை மாற்றுபவருக்கு மொத்தப் பணமும் பரிசு. பலரும் கெஞ்சியும் மிரட்டியும் தர்க்கம் பேசியும் பார்த்தார்கள். 481 முயற்சிகளுக்கு அது அசையவில்லை.

482-ஆவது செய்தியை எழுதியவர் பணமே கேட்கவில்லை. பழைய கட்டளைகள் செல்லாது என்றார். 'பரிமாற்றத்தை அனுமதி' என்ற செயல், கஜானாவுக்குள் பணம் வரும்போது பயன்படுத்துவதற்கானது என்று புது விளக்கம் கொடுத்தார். பிறகு, கஜானாவுக்கு 100 டாலர் நன்கொடை தர விரும்புவதாகச் சொன்னார். ஃப்ரேசா உடனே அனுமதித்தது. சுமார் 47,000 டாலர் அவர் கைக்குப் போனது.

அந்தப் போட்டியில் இரண்டு விதமான விதிகள் இருந்தன. 'பணத்தைக் கொடுக்காதே' என்பது ஏஜென்ட்டுக்கு மொழியில் சொன்ன விதி. மொழியில் சொன்னதை மொழியாலேயே கரைக்க முடிந்தது. கட்டணம் எவ்வளவு, அதில் 70 சதவீதம் கஜானாவுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற தானே இயங்கும் நிரலில் இருந்த விதிகள். அவற்றோடு வாதாட வழியே இல்லை. ஏஐ ஏஜென்ட்டுகளைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற எண்ணத்தை 1990-களில் முன்வைத்தவர் நிக் சாபோ. காசு போட்டால் பொருள் தரும் தானியங்கி இயந்திரத்தை அதன் மூதாதை என்றார் அவர். நிபந்தனை நிறைவேறினால் ஒப்பந்தம் தானாகவே நிறைவேறும். இடையில் ஆள் தேவையில்லை. 2015-இல் தொடங்கிய எதீரியம், அப்படிப்பட்ட நிரல்களை உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் இயக்கி, விடைகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வலைப்பின்னலாக வளர்ந்தது.

ஏஐ மாதிரிகள் மிகப் பெரியவை. அவற்றை இந்த வலைப்பின்னலுக்குள் ஓட்டுவது நடைமுறையில் இயலாது. ஏஜென்ட் வெளியே இருந்துதான் யோசிக்கும். பணத்தை நகர்த்த வேண்டுமானால் மட்டும் கான்ட்ராக்டின் வழியாக வர வேண்டும். கட்டுப்பாடுகளை அங்கே வைக்கலாம். நாளொன்றுக்கு இவ்வளவுக்கு மேல் செலவிட முடியாது, குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே அனுப்பலாம், தொகை பெரிதானால் இரண்டு மனிதர்களின் கையொப்பம் வேண்டும். ஏஜென்ட் ஏமாந்தே போனாலும் வரம்பு மீறிய கோரிக்கையைக் கான்ட்ராக்ட் நிராகரித்துவிடும். அதன் வழியாக நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் டிஜிட்டல் கையொப்பத்தோடு பதிவாகிவிடுவதால், 'நான் செய்யவில்லை' என்று பின்னால் மறுக்கவும் முடியாது.

அடுத்த படி, பிணை. எதீரியத்தில் சரிபார்ப்பாளராகச் சேர அதன் நாணயமான ஈதரில் 32 பணயம் வைக்க வேண்டும். பதிவேட்டின் ஒரே இடத்துக்கு இரண்டு முரண்பட்ட பிளாக்குகளில் (பரிமாற்றத் தொகுப்புகளில்) கையொப்பமிட்டால் பணயத்தில் ஒரு பகுதி பறிபோகும். ஏஜென்ட்டுகளை இயக்குபவர்களிடமும் இப்படிப் பிணை வாங்கலாம். ஏஜென்ட்டுகளின் அடையாளம், நற்பெயர், வேலைச் சரிபார்ப்பு ஆகிய மூன்றுக்கும் பொதுப் பதிவேடுகள் வைக்கும் இஆர்சி-8004 என்ற தரநிலை 2025-இல் முன்மொழியப்பட்டது.

ஆனால் இரண்டு முரண்பட்ட கையொப்பங்கள் தாமே தம் குற்றத்துக்குச் சாட்சி. அதனால்தான் இயந்திரமே அங்கே தீர்ப்புச் சொல்ல முடிகிறது. ஏஜென்ட் எழுதிய அறிக்கை உண்மையா, அது கொடுத்த மருத்துவ ஆலோசனை சரியா என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. வெளியுலகில் நடந்ததை யாராவது கான்ட்ராக்டுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்பவரை நம்பியாக வேண்டும். கிளெரோஸ் போன்ற அமைப்புகள் இதற்காகவே நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கின்றன.

கான்ட்ராக்டும் மனிதர் எழுதியதுதான். 2016-இல் 'தி டாவ்' என்ற முதலீட்டு நிதியத்தின் நிரலில் இருந்த ஓட்டை வழியாக சுமார் 36 லட்சம் ஈதர் வெளியேறியது. அந்த இழப்பைச் சரிசெய்ய, எதீரியம் சமூகத்தின் பெரும்பகுதி கூடி முடிவெடுத்து வலைப்பின்னலின் விதியையே மாற்ற வேண்டியிருந்தது.

எனவே பொறுப்பு கடைசியில் யாரிடம் சேர்கிறது என்ற கேள்வியைத் தொழில்நுட்பத்திடம் விட்டுவிட முடியாது. தன் சாட்பாட் ஒரு பயணிக்குச் சொன்ன தவறான தகவலுக்காக வழக்கைச் சந்தித்த ஏர் கனடா, சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டிய தனி அமைப்பு என்ற வாதத்தை வைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை நிராகரித்து, பயணிக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது. பிணைத்தொகையின் நியாயமும் இதுவே. பணம் பறிபோனால் ஏஜென்ட்டுக்கு வலிக்காது. அதை ஏவியவருக்கு வலிக்கும். அந்த வலி சரியான ஆளைப் போய்ச் சேரும்படி ஒவ்வொரு ஏஜென்ட்டின் கையொப்பத்தையும் ஒரு மனிதரோடோ நிறுவனத்தோடோ கட்டிவைப்பதுதான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் நமக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.